முதிரைத் தூள்

மருதமுனை,
8.2.1981

அன்புத் தங்கச்சி முனவ்வறாவுக்கு ராத்தா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். குளிருக்குக் காலில் வெடிப்பு வந்ததாக எழுதியிருந்தாய். ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் பூசு என்று சொல்லலாம், குவைத்தில் தேங்காய்க்கு நீ எங்கே போவாய்!

உன் மகள் சுஹறாவுக்கு ஒரு குறையும் இல்லை. முதலாம் வகுப்புக்கும் ஓதப் பள்ளிக்கும் போகிறாள். வாய் மட்டும் அப்படியே உன்னுடைய வாய். முந்தாநாள் மச்சான் தலை முதல் கால் வரை மரத்தூளோடு வந்து நின்றார். இவள் பார்த்துவிட்டு, "பெரிய வாப்பா, நீங்க மரத்தச் சீவுறயா, மரம் உங்களச் சீவுதா?" என்று கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் தும்மலே வந்துவிட்டது.

உன் வீட்டுக் கதவு, யன்னலுக்கான முதிரைப் பலகை வந்து இறங்கிவிட்டது. முதிரைதான் வேண்டும், கறையான் தொடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாயே, அப்படியே மஞ்சளாக, பார்க்கக் கண் நிறைகிறது. மச்சான் இப்போது கையால் சீவுவதில்லை. கரண்டில் ஓடும் சீவு மெஷின் ஒன்று கொழும்பிலிருந்து எடுத்திருக்கிறார். வேலை பறக்கிறது. தூளும் பறக்கிறது. பட்டறை உன் வளவில்தான் நிற்கிறது, ஆனால் காற்று யாருடைய வளவென்று பார்த்தா வீசுகிறது? பக்கத்து வளவு முத்தலிப் காக்கா தறியை விட்டு இறங்கி வந்து, "ஜவுபர், நான் வெள்ளச் சாறனுக்குப் பாவு போட்டா நீ அதுக்கு மஞ்சள் பூசுறாய்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

நீ வேலை செய்கிற வீட்டில் கம்பளத் தூசியை இழுக்க ஒரு மெஷின் இருக்கிறது என்று எழுதியிருந்தாய்தானே. மரத்தூளை இழுக்க அப்படி ஒன்று அங்கே கிடைக்குமா? விலை கூடியது வேண்டாம். தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக இருந்தால் போதும். சத்தமும் குறைவாக இருந்தால் நல்லது. கொஞ்சம் சுறுக்காகப் பார்த்து எழுது.

ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கையேந்தும்,
ராத்தா ஸைனம்பு


குவைத்,
1.3.1981

அன்புள்ள ராத்தாவுக்கும் மச்சானுக்கும்,

வஅலைக்கும் ஸலாம். கால் ஆறிவிட்டது. கை வெடித்திருக்கிறது. உடம்பில் எந்த இடம் இந்த மாதம் வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றப்படி நலம். என் மகளை உங்களிடம் விட்டுவந்ததால்தான் இங்கே எனக்குச் சோறு இறங்குகிறது.

தூள் மெஷின் விசயம் விசாரித்தேன். எங்கள் மெடத்தின் அலுமாரிகளைத் திருத்த ஒரு எகிப்துக்கார ஓடாவி வந்திருக்கிறார். அவரிடம் எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். நான் கம்பளத்துக்குப் பிடிக்கிற மெஷின் மரவேலைக்குச் சரிவராதாம். அதற்குள் இருக்கிற கடதாசிப் பை உள்ளங்கையளவு. சீவல் போய் அடைத்து மோட்டர் எரிந்துவிடும் என்றார். தகர டிறம் வைத்த ஒன்று இருக்கிறது, விலை பரவாயில்லை, ஆனால் அது விழுந்த தூளைக் கூட்டத்தான் உதவும். மூன்றாவது, அவர் கையோடு கொண்டுவந்திருப்பது. சக்கரம் பூட்டி, ஆளுயரத்துக்குத் துணிப்பை தொங்குகிறது. குழாயைச் சீவு மெஷினின் வாயில் மாட்டிவிட்டால் தூள் கீழே விழ முன்னரே இழுத்துவிடும். போட்டதும் அந்தப் பை மெடத்தின் புருஷன் மாதிரி ஊதி நிற்கிறது.

பையில் இரண்டு வகை. மெல்லிய பை மலிவு. மொத்தமான பை அதைப் போல இரண்டு பங்கு விலை. மொத்தப் பைதான் மெல்லிய தூளை வெளியே விடாது என்கிறார். மச்சானிடம் கேளுங்கள்: சீவு மெஷினின் வாய் எவ்வளவு அகலம்? பட்டறைக்கு எத்தனை பக்கம் மறைப்பு?

சுஹறாவின் குரலைக் கசற்றில் பிடித்து அனுப்பச் சொல்லி இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். ஏன் ராத்தா பதிலே இல்லை?

உங்கள் துஆவை நாடும்,
முனவ்வறா


மருதமுனை,
24.3.1981

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கை வெடிப்பைக் கேட்டு மனம் சரியில்லை. இரவில் வேலை முடிந்ததும் ஏதாவது களிம்பு பூசு. நாங்கள் சுகம்.

மச்சான் சொன்னபடி எழுதுகிறேன். மெஷினின் வாய் ஒரு சாண் அகலம். பட்டறைக்கு மூன்று பக்கம் தகரம், எங்கள் அடுப்படிப் பக்கம் திறந்தபடி. அதையும் மூடினால் அவர் உள்ளே வெந்துபோவார். அந்தச் சக்கர மெஷின் அவர் மனதில் ஏறிவிட்டது. மெல்லிய பையே போதுமாம், "தூளப் புடிக்கத்தானே பை, அதுக்கேன் கோட்டுத் துணி?" என்கிறார்.

அப்துல் ஹமீட் காக்கா லீவு முடிந்து அடுத்த கிழமை குவைத் வருகிறார். அவரிடம் கசற் கொடுத்திருக்கிறேன். பிடித்த அன்று சுஹறாவுக்குத் தடிமன். குரல் கரகரப்பாக இருக்கும். அதைப் பெரிதாக எடுக்காதே.

மெஷினைச் சுறுக்காகப் பார் தங்கச்சி. முத்தலிப் காக்கா முகம் கொடுத்துக் கதைக்கிறார் இல்லை.

உன் ராத்தா


குவைத்,
2.5.1981

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்கு.

கசற் கிடைத்தது. மெடம் வெளியே போன நேரம் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். முதலில் ஸலாம் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். பிறகு சின்னச் சூறா ஒன்று ஓதினாள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு விசில் சத்தம் வருகிறது ராத்தா. முதலில் கசற் பழுது என்று நினைத்தேன். திருப்பிப் போட்டேன். அவள் வாய் மூடுகிற இடத்தில்தான் அந்தச் சத்தம். நடுவில் ஓதுவதை நிறுத்திவிடுகிறாள். அப்போது உங்கள் குரல் மெல்லமாகக் கேட்கிறது: "மூச்ச விட்டுட்டு ஓது மகள். அவசரமில்ல. உம்மாக்கு வெளங்காது."

உம்மாவுக்கு விளங்கிவிட்டது.

தடிமனுக்கு நெஞ்சு அப்படி இழுக்காது. எத்தனை நாளாக இந்த முட்டு? டொக்டரிடம் காட்டினீர்களா? மெஷின் முத்தலிப் காக்காவின் வெள்ளைச் சாறனுக்கா, என் பிள்ளையின் நெஞ்சுக்கா? பட்டறையைத் தூரக் கொண்டுபோக முடியாதா?

எனக்கு உள்ளதை எழுதுங்கள். நான் பிள்ளையை விட்டுவந்தவள்தான், கேட்கிற உரிமையை விட்டு வரவில்லை.

முனவ்வறா


மருதமுனை,
20.5.1981

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அழுதபடி எழுதியதை வாசித்து நானும் அழுதேன். சாப்பிடாமல் இருந்துவிடாதே.

ஓம், சுஹறாவுக்கு முட்டு இருக்கிறது. முதிரைப் பலகை வந்த கொஞ்ச நாளில் தொடங்கியது. கை மடிப்பில் சொறியும் போட்டது. முதலில் இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்தினேன். லெப்பையிடம் ஓதிப் பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் காட்டினேன். முதிரைத் தூள் சில பேருக்கு ஆகாதாம், தூள் படாமல் பார்க்கச் சொன்னார்கள். ஊசி போட்டால் இறங்கிவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

பட்டறையை எங்கே கொண்டுபோவது சொல்? நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? மச்சான் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர். அவருடைய உம்மாவின் வளவு அவர் தங்கச்சிமாருக்குச் சீதனமாகப் போய்விட்டது. நற்பிட்டிமுனையில் ஒரு வயல் துண்டு இருக்கிறது, அங்கே கரண்ட் இல்லை. உன் வளவில் வீடு போக மிச்ச இடம் கிடந்ததால்தான் தொழிலே ஓடுகிறது.

நீ அவசரப்பட்டு வந்துவிடாதே. ஒப்பந்தத்தை முறித்து வந்தால் கூரை இல்லாத உன் வீடு அப்படியே நிற்கும். சுஹறாவின் வாப்பா அக்கரைப்பற்றில் வேறு கலியாணம் முடித்து இருக்கிறவர், அவரா கட்டித் தரப்போகிறார்? வராதே. மெஷினை மட்டும் அனுப்பு. அவள் என் கைக்குள்ளேதான் படுக்கிறாள், நான் இல்லாவிட்டால் நித்திரை கொள்ள மாட்டாள். நீ வரத் தேவையில்லை.

உன் ராத்தா


குவைத்,
14.6.1981

ராத்தாவுக்கும் மச்சானுக்கும்,

வஅலைக்கும் ஸலாம். எல்லோர் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். நான் எழும்பி நடமாடுகிறேன், அவ்வளவுதான்.

மெஷின் வாங்கிவிட்டேன். அந்த எகிப்துக்காரர் பெரியது ஒன்று எடுப்பதால் பழையதைக் குறைத்துத் தந்தார். சக்கரம் நன்றாக உருள்கிறது. நம் ஊர்க் கரண்டுக்குச் சரிவரும், பிளக்கை மட்டும் மாற்றுங்கள். மொத்தப் பை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மெல்லிய பைதான். அப்துல் ஹமீட் காக்கா தன் கப்பல் பெட்டியோடு சேர்த்து அனுப்புகிறார். வந்து சேர இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அது வரை முதிரையைத் தொட வேண்டாம் என்று மச்சானிடம் என் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வராதே, வராதே என்று போன கடிதத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். வீடு நின்றுவிடும் என்றா, அல்லது வந்தால் அவளை உங்களிடமிருந்து கூட்டிப் போய்விடுவேன் என்றா? உங்களுக்குப் பிள்ளை இல்லாத துக்கம் எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

முனவ்வறா


மருதமுனை,
6.9.1981

அன்புத் தங்கச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருப்பாய். நாங்கள் மிச்சம் சந்தோசமாக இருக்கிறோம். மெஷின் வந்துவிட்டது!

பெட்டியைப் பிரித்த அன்று வளவு நிறையச் சனம். மச்சான் பிஸ்மி சொல்லி சுவிச்சைப் போட்டார். பை எழும்பி நின்றதும் பாத்தும்மா மாமி, "அல்லாஹ், இதுக்கு உசிர் இரிக்கி" என்று ஓடிவிட்டா. இப்போது பட்டறையைப் பார்த்தால் நம்ப மாட்டாய். தரையில் பாய் விரித்துத் தொழலாம், அவ்வளவு துப்புரவு. முத்தலிப் காக்காவும் சிரித்த முகத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். மச்சான் உன் கதவு வேலையை மறுபடி தொடங்கிவிட்டார்.

இன்னொரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. விறகு கிடைக்கிறது பெரிய பாடு என்று உனக்குத் தெரியும். இப்போது பை நிறைய மாவு மாதிரித் தூள் சும்மா கிடைக்கிறது. ஒரு மரத்தூள் அடுப்பு வைத்துவிட்டேன். தகரப் பேணிக்குள் போத்தலை நட்டு, சுற்றித் தூளை அமுக்கி, போத்தலை உருவிவிட்டுப் பற்றவைத்தால் காலையிலிருந்து அசர்த் தொழுகைக்குப் பிறகும் எரிகிறது. முதிரை எரிகிற வாசமும் நல்லது. தினமும் பையைக் கழற்றி அடுப்படியில் உதறுவேன். சுஹறாவுக்கு அது பெரிய விளையாட்டு. அவள்தான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உதறி முடிய, தலையும் கண்ணிமையும் மஞ்சளாக, கலியாணப் பொம்பிளை மாதிரி நிற்பாள்.

இரவில் கொஞ்சம் இருமுகிறாள். மாரி தொடங்கப் போகிறது, இந்த நாளில் ஊரில் எல்லோருக்கும் இருமல்தான்.

உன் கையைக் கவனித்துக்கொள்.
ராத்தா


குவைத்,
24.9.1981

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

இதைப் படித்து முடிக்க முன்னர் எழும்பிப் போய் அந்த அடுப்பை அணையுங்கள். பையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சுஹறாவைப் பாத்தும்மா மாமி வீட்டில் விடுங்கள். பையை உதறுவதானால் கடற்கரையில், மூக்கை மூடிக்கொண்டு, மச்சான் உதறட்டும்.

நான் இந்த வீட்டுக் கம்பள மெஷினின் பையை ஒரு தரம் குசினியில் உதறிவிட்டு அன்று முழுக்க இருமினேன். மெடம் என்னை வெளியே துரத்தி, முகத்தில் துணி கட்டி உதறச் சொன்னா. தரையில் கிடக்கிற சீவல் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகாது ராத்தா. மாவு மாதிரி என்று நீங்கள் சந்தோசமாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் போகும். நான் மாதக் கணக்கில் உழைத்து மெஷின் அனுப்பினேன். அது காற்றில் போகிறதைச் சேர்த்து வைத்தது. நீங்கள் அதை எடுத்து அவள் தலையில் கொட்டினீர்கள். எரித்துப் புகையும் கொடுத்தீர்கள். டொக்டர் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா? பெற்றவளாக இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

எனக்குக் கதவு வேண்டாம். யன்னல் வேண்டாம். சாக்குத் தொங்கவிட்டு இருந்துகொள்வேன். முதிரையை நிறுத்துங்கள்.

முனவ்வறா


மருதமுனை,
14.10.1981

அன்புள்ள முனவ்வறாவுக்கு மச்சான் ஜவுபர் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில், சுஹறா உயிரோடு இருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதம் வந்த நாள் அவள் கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கு இரண்டு நாள் முந்தி அடுப்படியில் வைத்து மூச்சு எடுக்க முடியாமல் போய்விட்டது. உதடு நீலம். உன் ராத்தா அவளைத் தூக்கிக்கொண்டு, தலையிலிருந்து முக்காடு விழுந்ததும் தெரியாமல் றோட்டில் ஓடினாள். ஒட்சிசன் வைத்தார்கள். நேற்று எழும்பி இருந்து தோடம்பழம் கேட்டாள்.

உன் கடிதத்தைத் தபால்காரர் என் கையில்தான் தந்தார். வாசித்தேன். ராத்தாவுக்குக் காட்டவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடக்கிறாள். மாரிக் குளிர்தான் காரணம் என்கிறாள். நான் மறுத்துக் கதைக்கவில்லை. அடுப்புப் பேணி ஓட்டை என்று சொல்லி எறிந்துவிட்டேன். பையைக் கடற்கரையில் புதைத்தேன். பட்டறைத் தகரத்தைக் கழற்றியாயிற்று. மிச்ச முதிரையை விற்றுவிட்டேன். கையால் சீவுகிற வேலையை நற்பிட்டிமுனைப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மெல்லிய பை போதும் என்று எழுதச் சொன்னவன் நான். பேசுவதானால் என்னைப் பேசு. அவளுக்கு எழுதும்போது பையை உதறின கதையை எடுக்காதே. பெற்றவளாக இருந்திருந்தால் என்று எழுதினாயே, அந்த வரியை அவள் வாசித்தால் தாங்க மாட்டாள்.

மச்சான் ஜவுபர்


குவைத்,
30.10.1981

என் அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பைக் கவனிக்கிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? சுஹறாவின் நெஞ்சு இப்போது எப்படி?

மச்சான் எழுதியிருந்தார். மாரிக் குளிருக்கு வந்ததாம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது ராத்தா. எகிப்துக்காரரைக் கண்டு கேட்டேன். அந்த மெஷினே பழுதாம். தூளை இழுத்து, துணி வழியாகத் திரும்பவும் காற்றில் ஊதிவிடுமாம். அவர் மொத்தப் பை எடு என்று சொன்னபோது நான்தான் மலிவைப் பார்த்தேன். பிழை முழுக்க என்னுடையது. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை.

நான் இப்போது வரவில்லை. ஒப்பந்தம் முடிய வருகிறேன். சுஹறா உங்களிடமே இருக்கட்டும். உங்களை விட அவளை யாரும் நன்றாகப் பார்க்க முடியாது.

உங்கள் தங்கச்சி,
முனவ்வறா


மருதமுனை,
18.11.1981

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உனக்குப் பொய் எழுத வராது. சின்ன வயதிலும் வராது. பழுதான மெஷினை அந்த எகிப்துக்காரர் தன் தொழிலுக்கு வைத்திருப்பாரா? மச்சானும் அப்படித்தான். பேணி ஓட்டையாம். அந்தப் பேணியைச் சந்தையில் தட்டிப் பார்த்து வாங்கினவள் நான். சுஹறாவைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவள் தலைமுடி என் வாய்க்குள் போனது. முழுக்க முதிரைத் தூள். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. தன் தொழில்தான் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று மச்சான் உடைந்து போவார் என்றுதான் மாரிக் குளிர் என்றேன். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஆள் மறைத்துக்கொண்டிருந்தோம். அவள் இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

ஜூன் மாதம் நீ ஒன்று கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. ஓம். கூட்டிப் போய்விடுவாய் என்றுதான் வராதே என்று எழுதினேன்.

இனி உள்ளபடி எழுதுகிறேன். டொக்டர், இந்த வருத்தம் உடனே விட்டுப்போகாது, மாரி முழுக்கக் கவனம் தேவை என்கிறார். பள்ளிக்கூடம் போய்வர அவளால் இன்னும் முடியவில்லை. நேற்று சுபஹுக்கு முந்தி எழும்பி இழுத்தாள். நிமிர்த்தி என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இறங்கியதும் என் முகத்தைப் பார்த்து, "உம்மா, நீங்க படுங்க, எனக்கு இப்ப லேசு" என்றாள்.

பெரியம்மா என்று சொல்லு மகள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. இதையும் உனக்கு எழுதாமல் விடத்தான் பார்த்தேன்.

நீ வா. வந்து அவளுக்குச் சொல்லிக் கொடு.

ராத்தா ஸைனம்பு